மின்கலனுக்குள் எட்டிப் பார்க்கும் ஒளி

கைப்பேசியையும் மின்சாரக் காரையும் இயக்கும் லித்தியம் அயனி மின்கலன் 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் இரு மின்முனைகளுக்கு இடையே லித்தியம் அயனிகள் போய்வர உதவும் பொருளே மின்பகுளி. பெரும்பாலும் இது உப்பைக் கரைத்த கரிமத் திரவமாகும், எளிதில் தீப்பற்றும். உபரி மின்கலன்களை விமானத்தின் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக்கூடாது என்பதற்கும் இந்தத் தீ அச்சமே காரணம். பயணிகளின் அருகில் இருந்தால் புகையை உடனே கண்டு அணைக்கலாம் அல்லவா?

இத்திரவத்திற்கு மாற்றாக ஜெல்லைப் பயன்படுத்தலாம். அகார்-அகாரில் பெரும்பகுதி நீர்தான்; ஆயினும் தட்டைச் சாய்த்தால் வழிவதில்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஜெல் பல்லுறுப்பி மின்பகுளியும் அத்தகையதே. திரவம் கசியாது, தீ ஆபத்து குறையும், முற்றாக நீங்காது. ஜார்ஜ்டவுனிலிருந்து பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் நிபோங் திபால் வரும். அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் இவ்வகை ஜெல்கள் ஆராயப்பட்டுள்ளன.

ஆனால், திரவத்தைப் பிடிக்கும் வலை லித்தியம் அயனியையும் இறுகப் பிடித்துக்கொண்டால் மின்கலன் எப்படி இயங்கும்? அயனி எதைப் பற்றியிருக்கிறது என்பதை நுண்ணோக்கியால் காண இயலாது. இங்கே கைகொடுப்பது, 1800இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியின் துணையோடு கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்.

அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் சுருள்வில்போல் அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வோடு ஒத்த கதிரை உறிஞ்சிக்கொள்ளும். வரைபடத்தில் அவ்விடம் பள்ளமாகத் தெரியும். கண்ணாடிக்கு மாற்றாகப் பயன்படும் பி.எம்.எம்.ஏ. நெகிழியில், கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் பள்ளம் ஏறக்குறைய 1730 அலை எண்ணில் விழும். அலை எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை. லித்தியம் அயனி அந்த ஆக்சிஜனைப் பற்றினால் பிணைப்பு சற்றுத் தளர்ந்து, பள்ளம் 1730க்குக் கீழே நகரும். மலேசிய ஆய்வாளர்கள் எஸ். ரமேஷ், ஏ. கே. அரோப் ஆகியோரின் குழு, பி.வி.சி.யும் பி.எம்.எம்.ஏ.யும் கலந்த மின்பகுளிகளை இம்முறையில் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டது.

உப்பைக் கூட்டினால் மின்சாரமும் கூடும் என்று தோன்றும். ஓரளவுக்கு மேல் அது குறைவதுதான் விந்தை! லித்தியம் பெர்குளோரேட் உப்பில், தனித்துத் திரியும் பெர்குளோரேட் அயனி 623க்கு அருகில் பள்ளம் காட்டும். லித்தியத்தோடு இணைசேர்ந்தது 635க்கு அருகில் காட்டும். இணைசேர்ந்தவற்றின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அவை மின்சாரத்தைச் சுமப்பதில்லை. உப்பு மிகும்போது இரண்டாம் பள்ளம் ஆழமாகிறது.

பினாங்கின் ஈரக்காற்றும் ஆய்வாளர்க்குத் தொல்லையே. லித்தியத்திற்கு நீர் ஆகாது. எனவே, ஆர்கான் வாயு நிரப்பிய மூடிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு மின்கலனைப் பொருத்துவர். அப்படியும் ஜெல்லின் வரைபடத்தில் 3400க்கு அருகே அகன்ற பள்ளம் தோன்றினால், எங்கோ ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த ஜெல்லை மீண்டும் உலர்த்தியாக வேண்டும்.