பயத்துக்கு ஓர் ஒத்திகை

ஈப்போ, குனோங் ராபாட்டில் நான் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடை. எனக்கு முன்னால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு காத்திருந்தான். நாற்காலியில் இருந்தவர் பிடரியில் கடைக்காரர் மிஷினை வைத்ததுதான் தாமதம், பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆட்டிசம் இருக்குங்க. இந்தச் சத்தம் மட்டும் தாங்க மாட்டான்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, அவனை அணைத்தபடி அம்மா வெளியேறினார். "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க" என்றார் அங்கிருந்த பெரியவர் ஒருவர்.

செல்லம் இல்லை ஐயா. நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு உடம்பே தாங்காத வேதனை. ஒருமுறை பட்டுவிட்டால் அந்தக் கடை இருக்கும் தெருவே பயமாகிவிடும். பேருந்து, ஊசி போடும் அறை, கூட்டம், நாய் என்று பயம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

பயந்த இடத்தைக் கணினிக் காட்சியாகக் காட்டிப் பழக்கும் மெய்நிகர் சிகிச்சை கைவைப்பது இந்தப் பயத்தில்தான். அது ஆட்டிசத்தைப் 'போக்கும்' மருந்து அல்ல. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். பயந்த இடத்துக்குப் போகும் முன், பயமில்லாத இடத்தில் நடத்தும் ஒத்திகை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் டோரதி ஸ்டிரிக்லண்ட் ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்கவசத் திரை மாட்டி, கணினித் தெருவில் நடக்கப் பழக்கியதை 1996லேயே எழுதினார். ஆனால் பயத்துக்கான சிகிச்சையாக இதை நிதானமாகச் சோதித்தது இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகம். அவர்கள் பயன்படுத்திய 'நீல அறை'யில் கண்ணாடி எதுவும் மாட்டத் தேவையில்லை; சுற்றிலும் சுவர்களில் காட்சி விரியும். பக்கத்திலேயே உளவியலாளர் நிற்பார். முதலில் மூச்சை இழுத்துவிடவும் உடம்பைத் தளர்த்தவும் சொல்லித் தருவார். பேருந்துக்குப் பயந்த பிள்ளை என்றால் முதலில் காலியான நிறுத்தம், பிறகு பேருந்து, பிறகு ஆட்கள், அதன் பிறகே நெரிசல். பிள்ளை பதறினால் காட்சி நின்றுவிடும். நிஜப் பேருந்தில் அந்த வசதி கிடையாது. ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், மொத்தம் நான்கு தடவை.

2014இல் வெளியான முதல் ஆய்வில் 7 முதல் 13 வயது வரை ஒன்பது பையன்கள். எட்டுப் பேர் பயந்த சூழலைச் சமாளித்தார்கள். நான்கு பேருக்குப் பயமே விட்டுப்போனது. 2019இல் 32 பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, சிகிச்சை பெற்ற 16 பேரில் ஆறு பேர் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்த பாதியில் ஒருவர்கூட முன்னேறவில்லை; ஐந்து பேருக்குப் பயம் கூடியிருந்தது. பயத்தை "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவைப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் முதல் ஆய்வில் இருந்த எல்லாரும் சரளமாகப் பேசத் தெரிந்த பையன்கள். பேச்சு வராத பிள்ளைக்கும் இதே பலன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நீல அறைக்குப் பதில் தலையில் மாட்டும் கருவி என்றால், அதன் கனத்தையும் இறுக்கத்தையும் சில பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், சிலருக்குக் குமட்டும்.

நம் ஊருக்கு வருவோம். காட்சி வேற்றூர்த் தெருவாகவும் குரல் அமெரிக்க ஆங்கிலமாகவும் இருந்தால் ஈப்போப் பிள்ளைக்கு அது ஒத்திகை ஆகுமா? அவன் பயம் பாசார் மாலாமில் இருக்கிறது. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை ஆலயம் வரை அதிரும் உருமி மேளத்தில் இருக்கிறது. அந்த வழியைச் சுற்றுக்காட்சிக் கேமராவில் பிடித்து, சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும்படி அமைத்து, "தம்பி, பயப்படாதே" என்று தமிழில் சொல்ல நம் இளைஞர்களால் முடியும். திரையில் சாம்பிராணிப் புகையும் வெயிலும் வராது, உண்மைதான். மிச்சத்தை நேரில் நடந்துதான் பழக வேண்டும். உடன் நிற்க, பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். கருவியை வாங்கிவிடலாம், தமிழ் பேசும் சிகிச்சையாளரை உருவாக்கத்தான் காலம் பிடிக்கும்.

அதுவரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டு, மிஷின் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து, பிள்ளை விளையாடும்போது சன்னமாக ஒலிக்கவிடலாம். போதும் என்று அவன் காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். பிறகு ஆளில்லாத நேரமாகப் பார்த்து, முடிவெட்டாமல் சும்மா கடைக்குப் போய் வரலாம்.

அன்று என் முறை வந்தபோது கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். கத்தரியை நிறுத்திவிட்டு யோசித்தார். "செவ்வாய்க்கிழமை நம்ம ஆளுங்க முடிவெட்ட வர மாட்டாங்க. கடை காலியாத்தான் கிடக்கும். அந்த அம்மாவைப் பார்த்தா வரச் சொல்லுங்க. மிஷினை ஆஃப் பண்ணியே அவன் கையில தர்றேன்."