சக்கர வாக்கரை மடித்து வைக்கும் முறை

முதுமையில் நடை தளர்வது இயற்கை. தளர்ந்த நடைக்குத் துணையாக ஊன்றுகோலை நம் முன்னோர் கொண்டனர். குழந்தை நடை பழகுவதற்கு மூன்று சக்கர நடைவண்டியைத் தச்சரிடம் செய்து வாங்கிக் கொடுத்தனர். இன்று இவ்விரண்டும் ஒன்று கூடினாற்போல, முதியோருக்கெனச் சக்கரம் பூட்டிய நடைக்கருவி ஒன்று நம் கிராமங்களிலும் வந்து சேர்ந்திருக்கிறது. மக்கள் அதனைச் சக்கர வாக்கர் என்று அழைக்கின்றனர். நாமும் அவ்வாறே அழைப்போம். நான்கு சக்கரம், இரு கைப்பிடி, கைத்தடை, நடுவே அமர்ந்து இளைப்பாற ஓர் இருக்கை ஆகியவை கொண்ட இவ்வமைப்பை 1978ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பெண்மணியாகிய ஐனா விஃபால்க் என்பவர். இளம் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, நடப்பதன் துன்பத்தைத் தம் உடலிலேயே அறிந்தவர் அவர்.

இக்கருவியை எவ்வாறு பெறுவது என்பது பற்றிப் பலரும் கூறிவருகின்றனர். 2017ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா, வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள 60 வயது நிறைந்தோருக்கு ஊன்றுகோல், வாக்கர், மூக்குக் கண்ணாடி, செவித்துணைக் கருவி முதலியவற்றை இலவசமாக வழங்குவதற்கென வகுக்கப்பெற்றது. கான்பூரிலுள்ள அலிம்கோ என்னும் பொதுத்துறை நிறுவனம் இதனைச் செயற்படுத்தும் பொறுப்பை ஏற்றது. நான் இங்கே கூறப்புகுவது பெறும் வழியை அன்று. பெற்றபின் அதனை எவ்வாறு மடிப்பது, வீட்டில் எங்கே வைப்பது என்பதையே. இஃது அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் மடிக்கத் தெரியாமையாலும் வைக்க இடமில்லாமையாலும் நல்ல கருவிகள் பரணுக்குப் போய்விடுகின்றன. பரணில் இருக்கும் கருவி யாருடைய வீழ்ச்சியையும் தடுக்காது. முதுமையில் இடுப்பெலும்பு முறிவதென்றால், பலருக்கு அதன்பின் பழைய நடை திரும்புவதேயில்லை.

பெருமாநல்லூரை எடுத்துக்கொள்வோம். சேலம்–கோவை நெடுஞ்சாலையும் திருப்பூர்–கோபி சாலையும் சந்திக்கும் ஊர் இது. திருப்பூர் பனியன் தொழில் இங்கும் வேர்விட்டிருக்கிறது. தோட்டத்து வீடுகளில் இடத்திற்குக் குறைவில்லை. அங்கே சிக்கல் வாசற்படியும் மேடுபள்ளமுந்தான். கம்பெனி வேலைக்கு வந்தோர் குடியிருக்கும் லைன் வீடுகளின் நிலைமை வேறு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, சில வீடுகளில் ஓரமாக ஒரு தையல் மெஷின், அதனருகே பிசிறு வெட்டுவதற்காகக் கொண்டுவந்த துணி மூட்டைகள், மொபெட் நிறுத்தும் நடை. இதற்குள் சுமார் இரண்டடி அகலமுள்ள ஒரு வண்டி நாள் முழுதும் விரிந்து நின்றால், வீட்டார் இடறாமல் நடப்பதெங்ஙனம்?

இத்தகைய வீடொன்றிற்கு அலுவல் நிமித்தம் செல்ல நேர்ந்தது. பல ஆண்டுகள் செக்கிங் மேசையில் நின்று வேலை செய்து முழங்கால் தேய்ந்த ஒரு மூதாட்டியார் அங்கே இருந்தார். முகாமில் கிடைத்த வாக்கர், நைலான் கயிற்றால் கட்டப்பட்டுப் பரணில் பொங்கற் பானைகளுக்கு அருகே கிடந்தது. "எடுத்து வெச்சா ஊடே அடைஞ்சு போகுதுங்க, அதுதான் மேல போட்டுட்டோமுங்க" என்றார் மருமகள். இரவில் அம்மையார் சுவரைப் பிடித்தே கழிப்பறைக்குச் சென்று வந்தார். கருவியை இறக்கியதும், பள்ளியில் படிக்கும் பேரன் இருக்கையின் நடுவிலிருந்த பட்டையைக் கண்டு மேலே இழுத்தான். வண்டி இரு கை சேர்த்தாற்போல் மடிந்து, ஒரு முழத்திற்கும் குறைந்த இடத்தில் நின்றது. "இது மடங்குமுங்களா!" என்று மருமகள் வியந்தார். கொடுத்தவர்கள் சொல்லவில்லை, பெற்றவர்கள் கேட்கவில்லை. முகாமில் கூட்டம் மிகுந்திருக்கும்போது இவ்வாறு நேர்வதுண்டு. எனினும் ஒரு நிமிடம் செலவிட்டு மடித்துக் காட்டாமல் ஒரு கருவியையும் கையளித்தல் கூடாதென்பது என் கருத்து.

மடிக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். முதலில் முதியவர் நாற்காலியிலோ கட்டிலிலோ அமர்ந்துவிட வேண்டும். நின்றுகொண்டு, அதே கருவியில் சாய்ந்தவாறே அதனை மடிக்க முயலுதல் பேராபத்து. பிறகு கைத்தடை இரண்டையும் கீழ்நோக்கி அழுத்திப் பூட்டுக. கைத்தடையை மேல்நோக்கிப் பிடித்தால் வேகம் குறையும், கீழ்நோக்கி அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும் என்பது பெரும்பாலான வண்டிகளின் அமைப்பு. பூட்டப்படுபவை பின் சக்கரங்களே; முன் சக்கரங்கள் உருண்டு வந்து சேருமாதலால் மடிப்பதற்குத் தடையில்லை. கூடையிலுள்ள பொருள்களை எடுத்துவிடுக. மருந்துச் சீசாவும் வெற்றிலைப் பையும் உள்ளேயிருக்க மடித்தால் சீசா உடைவதுடன் சட்டமும் கோணிப்போகும். பின்னர் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் இருக்கையின் பட்டையை நேராக மேலே தூக்குக. மூட்டுகள் கத்தரிபோல் சேருமிடத்தில் விரல் இருத்தலாகாது. அருகிலுள்ள குழந்தையின் விரலையும் கவனிக்க வேண்டும்; இதனை மெதுவாகச் செய்யச் சொல்வது அதற்காகவே.

நான்கு சக்கரமின்றி, முன்கால் இரண்டில் மட்டும் சிறு சக்கரமும் பின்கால்களில் ரப்பர் புஷ்ஷும் உள்ள வகை ஒன்றுண்டு. அதில் இருக்கையோ பட்டையோ கிடையாது. முன்புறக் குறுக்குச் சட்டத்திலுள்ள பொத்தானை அழுத்தி ஒவ்வொரு பக்கமாக உள்ளே மடக்க வேண்டும்.

மடிப்பதைக் காட்டிலும் விரிப்பதிலேயே விபத்து மிகுதி. அரைகுறையாக விரிந்த வண்டி, பார்வைக்கு முழுதும் விரிந்தது போலவே தோன்றும். உடற்பாரம் கைப்பிடியில் விழுந்தவுடன் அது மூடிக்கொள்ளும். ஆகவே இரு பக்கமும் 'டக்' என்று பூட்டு விழும் ஒலி கேட்கும்வரை விரித்து, இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை கீழே அழுத்தி, கைத்தடையைப் பூட்டி முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். நகராவிட்டால் சரி. நகர்ந்தால் தடைக்கம்பி தளர்ந்திருக்கிறதென்று பொருள். இக்கம்பி சைக்கிள் பிரேக் கம்பியைப் போன்றதே. ஊரிலுள்ள சைக்கிள் கடைக்காரர் திருகாணியை முறுக்கி இறுக்கிக் கொடுத்துவிடுவார். இதற்காகக் கோவைக்குச் செல்ல வேண்டியதில்லை. செவித்திறன் குறைந்தவருக்குப் பூட்டின் ஒலி கேட்காது. அவர் வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்லுதல் நலம்.

இனி வைக்கும் இடம். பகலுக்கு ஓர் இடம், இரவுக்கு ஓர் இடம் என்று இரண்டாகக் கொள்வதே சிறந்தது. பகலில் முதியவர் அமர்ந்திருக்கும் நேரத்தில், மடித்த வண்டியைச் சுவர் மூலையில், தடையைப் பூட்டிச் சார்த்தி வைக்கலாம். கதவுக்குப் பின்னால் வைத்தால் கதவு திறக்கும்போது சரிந்து விழும். அடுப்பருகே வைத்தால் கைப்பிடியின் ரப்பர் இளகும். வெயில் விழும் திண்ணையிலும், தகரமோ சிமெண்ட் அட்டையோ வேய்ந்த கொட்டகையிலும் மாதக்கணக்கில் கிடந்தால் சக்கரத்தின் ரப்பர் இறுகி வெடிக்கும். வெடித்த சக்கரம் வழவழப்பான தரைக்கல்லில் பிடிக்காது. தடைக்கம்பியைப் பிடித்து ஆணியில் தொங்கவிடுவாரும் உளர். கம்பி நீண்டுபோனால் தடை வேலை செய்யாது. துணி மூட்டைகளையும் அதன்மேல் ஏற்ற வேண்டா.

இரவில் மடிக்கவே கூடாது. இதனை வீட்டார் அனைவரும் மனத்திற்கொள்ள வேண்டும். இரவில் எழும் முதியவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்; வண்டியை விரிக்கவும் பூட்டவும் அவரால் இயலாது. எனவே படுக்குமுன் வண்டியை விரித்து, தடையைப் பூட்டி, அவர் எந்தப் பக்கமாக எழுந்திருப்பாரோ அந்தப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து கழிப்பறை வரையுள்ள வழியில் பாயோ, மூட்டையோ, மின்விசிறியின் வயரோ கிடத்தலாகாது. ஒரு சிறு விளக்கு எரியட்டும். இடம் குறுகலாயிருப்பின் பகலில் துணி மூட்டை இருந்த இடத்தை இரவில் வண்டிக்கு ஒழித்துக் கொடுக்கலாமே.

கழிப்பறை வாயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பல வீடுகளில் அதன் அகலம் இரண்டடியே. வண்டி அதில் நுழையாது. பாதி மடித்துப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் வழக்கத்தைச் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். பூட்டு விழாத வண்டி எந்த வினாடியிலும் மூடிக்கொள்ளும். வண்டியை வாயிலிலேயே பூட்டி நிறுத்திவிட்டு, உள்ளே சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பியைப் பற்றிச் செல்வதே முறை. கம்பி பொருத்த ஆகும் செலவு பெரிதன்று. வண்டி வாங்குமுன் வீட்டின் எல்லா வாயில்களையும் நாடாவால் அளந்துகொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும். அளவு நாடா இல்லாத வீடு நம் பகுதியில் அரிது.

பனியன் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றையும் கூற வேண்டும். தரையெங்கும் நூற்பிசிறு பறக்கும் வீடுகளில் அப்பிசிறு சக்கர அச்சில் சுற்றிக்கொள்கிறது. நாளடைவில் அது கயிறுபோல் இறுகி, முன் சக்கரம் திரும்பாமல் ஒரு பக்கமாக இழுக்கும். முதியவர் தம் காலில்தான் பலமில்லை என்று எண்ணிக்கொள்வார்! வாரம் ஒருமுறை வண்டியைக் கவிழ்த்துப் பிசிறு வெட்டும் கத்தரியால் நூலை அறுத்தெடுக்க வேண்டும். மடிப்பு மூட்டில் கிரீச்சென்று ஒலி கேட்டால் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துளி விடலாம். சக்கரத்திலும் தடையிலும் எண்ணெய் படலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்தால் உடனே துடைத்துவிட வேண்டும். திருகாணிகள் துருப்பிடித்தால் பின்னர் உயரத்தை மாற்ற முடியாமற்போகும்.

வேஸ்ட் துணிக்கு நம்மிடம் பஞ்சமில்லை. துடைப்பதற்கு அதனினும் சிறந்தது வேறில்லை. ஆனால் வியர்வைக்காகக் கைப்பிடியில் அதனைச் சுற்றிக் கட்டுகிறார்கள். துணி சுழலும்போது பிடி நழுவுகிறது. கைப்பிடியைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்தாலே போதும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுவதும் தவறு, பாரம் ஒரு பக்கம் இழுக்கும். கூடை அதற்காகவே இருக்கிறது.

பயணத்தின்போது வண்டியை மடித்து, இடுப்பு எலாஸ்டிக் துண்டு ஒன்றால் சட்டத்தைச் சேர்த்து மாட்டிவிட்டால் ஆட்டோவின் குலுக்கலில் விரியாது. எலாஸ்டிக்கின் முனை தொங்கிச் சக்கரத்தில் சிக்காதவாறு செருகிவிடுக. அலுமினிய வண்டியே சுமார் 7 கிலோ எடையிருக்கும். அதனை முதியவரின் மடியில் வைத்து அனுப்புதல் தகாது. பஸ்ஸில் ஏறும்போது வண்டி ஒருவர் கையிலும், முதியவர் மற்றொருவர் துணையிலும் ஏற வேண்டும். படியேறுவதற்கு இவ்வண்டி உதவாது. தூக்குபவர் சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

எல்லோருக்கும் சக்கர வாக்கர் பொருந்துவதில்லை. நடுக்குவாத நோயுள்ள சிலருக்கு வண்டி முன்னே ஓட, கால் பின்னே நின்றுவிடும். இதனைத் தீர்மானிக்க வல்லவர் இயன்முறை மருத்துவர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பெற்றது. நோயாளி நடந்து செல்ல முடியாத நிலையிலிருக்கும்போது, அவர் நடக்கும் வீட்டையே மருத்துவர் நேரில் காண்பது எவ்வளவு பயனுள்ளது!

பயன்படுத்தியவர் காலமானபின், அக்கருவியை வீட்டில் வைத்திருக்கவும் மனமின்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகின்றனர். நல்ல நிலையிலிருந்தால் கழுவிக் காயவைத்துத் தேவையுள்ள இன்னொரு வீட்டிற்குக் கொடுக்கலாம். மகளிர் குழுவினரைக் கேட்டால் தெருவில் யாருக்கு அது வேண்டுமென்பதைச் சொல்லிவிடுவர். கொடுக்குமுன் தடை, பூட்டு, சக்கரம் மூன்றையும் சோதித்து, புதியவர் செருப்பணிந்து நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் வருகிறதோ, அந்த உயரத்திற்குக் கைப்பிடி இரண்டையும் ஒரே துளையில் பொருத்தி, மடித்து விரித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும்.