வெண்கலப் பெண்ணுக்குத் துணிப் பாவாடை

ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். முகத்தை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கோத்து நிற்கிறாள் ஒரு நடனச் சிறுமி. முகம், சட்டை, காலணி எல்லாம் வெண்கலம். பாவாடை மட்டும் நிஜத் துணி! சடையில் நிஜ ரிப்பன்! கொதிக்கும் வெண்கலத்தில் துணி எப்படிக் கருகாமல் தப்பியது?

பிரெஞ்சு ஓவியர் எட்கார் தெகா 1881-இல் பாரீஸில் இவளைக் காட்சிக்கு வைத்தபோது உடம்பில் வெண்கலமே இல்லை. தேன்மெழுகும் களிமண்ணும்தான். தலையில் நிஜ முடி. உள்ளே எலும்புபோலக் கம்பியும் கயிறும். போதாததற்குத் தன் பழைய தூரிகைகளையும் செருகியிருந்தார் தெகா!

1917-இல் அவர் இறந்த பிறகுதான் எப்ரார் என்ற பட்டறை இவளை வெண்கலத்தில் வார்த்தது. நம்மூரில் உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் சிற்பி வடித்த மெழுகே உருகி ஓடிவிடும். ஒரு மெழுகுக்கு ஒரே சிலை. தெகாவின் மெழுகுச் சிறுமியை அப்படி உருக்க முடியுமா? அதனால் அச்சு எடுத்து, மெழுகு நகல்கள் செய்தார்கள். உருகியவை நகல்கள்தான். அசல் இன்றும் வாஷிங்டனில் பத்திரமாக இருக்கிறது.

மெழுகு நகல் முட்டை ஓடுபோல உள்ளே வெற்றாக இருக்கும். அதன் உள்ளும் புறமும் தீயைத் தாங்கும் கலவையை நிரப்பிச் சூளையில் சுட்டால், மெழுகு வழிந்து மெல்லிய இடைவெளி மிஞ்சும். செம்பும் வெள்ளீயமும் கலந்த குழம்பை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி அதில் ஊற்றுவார்கள். ஏன் மெல்லியதாக? உலோகம் ஆறும்போது சுருங்கும். ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெலிவாகவும் இருந்தால் ஆறும் வேகம் மாறி விரிசல் விழும்.

ஆறியதும் கலவையை உடைத்து, குழம்பு ஓடிய தண்டுகளை அறுத்து, பிசிறை அரத்தால் ராவுவார்கள். அடுத்து நிறம். சூடாக்கிய வெண்கலத்தில் இரும்பு நைட்ரேட் கரைசலைத் தடவினால் பழுப்பு வரும். செம்பு நைட்ரேட் என்றால் பச்சை. மேலே மெழுகு பூசினால் பளபளப்பு.

நெருப்பு வேலை முழுவதும் முடிந்த பிறகே பாவாடையும் ரிப்பனும்! புதிருக்கு விடை அதுதான்.

எத்தனை பிரதிகள் என்று பட்டறையும் தெகாவின் வாரிசுகளும் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். இன்று சுமார் 28 வெண்கலச் சிறுமிகள் இருக்கிறார்கள். வெண்கலம் அப்படியே நிற்கிறது, துணிதான் நைந்துபோகிறது. அதனால் அருங்காட்சியகங்களில் இவளுக்கு அவ்வப்போது புதுப் பாவாடை கிடைக்கிறது!