சொட்டின் முகவரி

மொன்றியல் நகர வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. தண்ணீருக்கான செலவு வரியோடு சேர்ந்து போய்விடும். எத்தனை லிட்டர் பிடித்தாலும் அதற்கென்று தனி பில் வராது. வீட்டின் பின்புறத்தில் ஹாட் டப், அதாவது வெந்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஒரு சிக்கல். தொட்டி எங்காவது கசிந்தால் காட்டிக்கொடுக்க எந்தக் கணக்கும் இல்லை. நீர்மட்டம் ஒன்றுதான் சாட்சி.

அது மிக மெதுவாகப் பேசும் சாட்சி. விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்றால், ஒரு நாளைக்கு 4.3 லிட்டர். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் இது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். பிள்ளைகள் குதித்து விளையாடியதில் போயிருக்கும் என்று விட்டுவிடுவோம். ஆனால் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத் துளை விழுந்துவிட்டால் கதை வேறு. மேலே 90 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், அந்தத் துளை வழியே ஒரு நாளைக்குச் சுமார் 170 லிட்டர், பதினொரு குடம், ஓடிவிடும். இந்தக் கணக்குக்கு வழி காட்டியவர் இத்தாலியரான டாரிசெல்லி, ஆண்டு 1644. துளையிலிருந்து நீர் பாயும் வேகம் என்ன தெரியுமா? நீர்மட்டத்திலிருந்து துளையின் ஆழம்வரை ஒரு கல்லைக் காற்றில் விழவிட்டால் அது எட்டும் அதே வேகம்.

போவது தண்ணீர் மட்டுமல்ல, சூடும்தான். ஜனவரியில் செயின்ட் லாரன்ஸ் ஆற்று நீர் உறைநிலையை ஒட்டி நிற்கிறது. குழாயில் வரும் அந்த நீரைத் தொட்டியின் உச்ச வெப்பமான 40 டிகிரிக்கு ஏற்ற, இருபது லிட்டருக்கு ஒரு யூனிட் அளவு மின்சாரம் வேண்டும். மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால், மீட்டர் இல்லாத தண்ணீரின் நஷ்டம் மீட்டர் உள்ள மின்சாரத்தில் வந்து நிற்கும்.

முதல் கேள்வி: கசிகிறதா, ஆவியாகிறதா? இதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். தொட்டி நீரையே வாளியில் மொண்டு, தொட்டிக்குள் இருக்கும் படியில் வைக்க வேண்டும். இரண்டின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு மூடியைப் போட்டுவிட்டு ஒரு நாள் விட்டுவிடலாம். வாளி நீரும் தொட்டி நீரும் ஒரே சூட்டில், ஒரே காற்றின் கீழ் இருப்பதால் ஆவியாவது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. தொட்டியில் கூடுதலாக இறங்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் கசிவின் பங்கு.

அடுத்து, எங்கே? கண்டுபிடிப்பு இங்கேதான் சூடுபிடிக்கிறது. வழவழப்பான அந்தத் தொட்டியின் சுவரில் நீர் பீச்சும் ஜெட்டுகள் நாற்பது இருந்தால் நாற்பது ஓட்டைகள் என்று பொருள். ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீருக்கு ஒரு குழாய், காற்றுக்கு ஒரு குழாய். பம்பு தள்ளும் நீர் குறுகிய வாய் வழியே விரையும்போது அங்கே அழுத்தம் விழுகிறது. அந்த இடத்தில் காற்று தானாக உள்ளே இழுபட்டு நுரையோடு பாய்கிறது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஜக்கூஸி சகோதரர்கள் முதலில் விமான உந்துவிசிறிகளும் பிறகு கிணற்றுப் பம்புகளும் செய்தவர்கள். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட மகனுக்காக அவர்களில் ஒருவர் குளியல் தொட்டிக்குள் வைக்கும் சிறு பம்பு ஒன்றை உருவாக்கினார்; 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய தொட்டிகள் அந்தத் தகப்பனின் பம்பிலிருந்து வந்தவை.

இந்தக் குழாய்கள் சேரும் நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளைச் சுற்றிப் பல தொட்டிகளில் பாலியூரித்தேன் நுரை நிரப்பியிருப்பார்கள். குளிருக்கு அது அருமையான போர்வை; கசிவைத் தேடுபவருக்கோ பெரிய தடை. வடக்கு மூலையில் கசியும் நீர், நுரையின் இடுக்குகளில் புகுந்து தவழ்ந்து தெற்கு மூலையில் சொட்டும். ஈரம் தெரியும் இடத்தில் நுரையைத் தோண்டத் தொடங்குபவர் பல நேரம் தவறான இடத்தைத்தான் தோண்டுகிறார்.

ஆகவே கை வைப்பதற்கு முன் தண்ணீரிடமே கேட்பது நல்லது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, நீரை அதன் போக்கில் இறங்கவிட வேண்டும். துளைக்கு மேலே நீர் இருக்கும்வரை ஒழுகும். நீர்மட்டம் துளையைத் தொட்டதும் ஒழுக்கு நின்றுவிடும். மட்டம் நிற்கும் உயரம் எதுவோ அதுவே கசிவின் உயரம். ஒரு ரூபாய் செலவில்லாமல், தேட வேண்டிய இடம் முழுத் தொட்டியிலிருந்து ஒரு கிடைமட்டக் கோடாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கோட்டில் ஐந்தாறு ஜெட்டுகள் இருக்கலாம், அவ்வளவுதான்.

பம்பும் ஒரு துப்பு தரும். ஓடும்போது மட்டும் கசிவு கூடினால், கோளாறு பம்பு தள்ளும் பக்கத்துக் குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, ஓடும்போது கசிவு நின்று, அணைத்ததும் மறுபடி சொட்டினால் பம்பு உறிஞ்சும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உள்ளழுத்தம் குறைவதால், விரிசல் நீரை வெளியே விடுவதற்குப் பதிலாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று வால்வுகளை மூடிய பிறகும் ஜெட்டில் குமிழி வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இனி சாயச் சோதனை. எல்லாவற்றையும் அணைத்து, நீர் அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் உணவுக்குப் போடும் சிவப்புச் சாயத்தை எடுத்து, ஜெட்டின் விளிம்புக்கு ஒரு விரலிடை தள்ளி மெல்ல விட வேண்டும். நல்ல மூட்டாக இருந்தால் சாயம் சிறு மேகமாகத் தொங்கிக் கலையும். கசியும் மூட்டாக இருந்தால் அந்த மேகத்திலிருந்து நூல் போல ஒரு கோடு பிரியும். முதலில் தயங்கி, பிறகு வேகமெடுத்து, விளிம்பின் ஒரே ஒரு புள்ளிக்குள் நுழைந்து மறையும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் தன் முகவரியைத் தானே எழுதிக் காட்டுகிறது.

மண்ணுக்கடியில் இருக்கும் நகரக் குழாயில் சாயம் விட்டுப் பார்க்க முடியாது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ஜாக் கார்த்தியே பாலத்துக்கு அருகே இரண்டு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள குழாய் வெடித்து, மொன்றியல் தெருவில் சுமார் பத்து மீட்டர் உயரத்துக்கு நீர் பீறிட்டது. அத்தகைய உடைப்பைத் தேட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் அமைதியாக ஒழுகும் சிறு கசிவுகளைத்தான் காதால் பிடிக்கிறார்கள். துளை வழியே பீச்சும் நீர் குழாயை அதிரவைக்கிறது. அந்தச் சீறல் நீர் வழியே இரு பக்கமும் ஓடுகிறது. நூறு மீட்டர் இடைவெளியில் குழாயில் இரண்டு ஒலி உணரிகளைப் பொருத்தினால், சத்தம் அருகில் உள்ளதற்கு முதலில் வந்து சேரும். இரும்புக் குழாயில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் போகிறது. வந்து சேர்ந்த நேரங்களுக்கிடையே விநாடியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால், தூர வித்தியாசம் 60 மீட்டர். அப்படியானால் கசிவு ஓர் உணரியிலிருந்து 20 மீட்டரிலும் மற்றதிலிருந்து 80 மீட்டரிலும் இருக்கிறது. இரண்டு இரைச்சல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திப் பொருத்தி இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு ஒலி ஒப்பீட்டுமானி என்று பெயர் சொல்லலாம். பிளாஸ்டிக் குழாய் இதை ஏமாற்றப் பார்க்கும். திறந்த நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் பாயும் ஒலி, பிளாஸ்டிக் குழாய்க்குள் 500 மீட்டருக்கும் கீழே தளர்ந்துவிடுகிறது. நெகிழும் சுவர் ஒவ்வொரு அதிர்வுக்கும் சற்றே உப்பி இடம் கொடுப்பதே காரணம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் இந்த மெல்லிய, தாழ்ந்த சுருதி ஒலிகளைப் பிரித்தெடுக்கும் முறைகளில் நிறையவே உழைத்திருக்கிறது.

வீட்டுத் தொட்டிக்குத் திரும்புவோம். பக்கப் பலகையைக் கழற்றுமுன் சர்க்யூட் பிரேக்கரை அணைப்பது கட்டாயம். அந்த இணைப்பில் மின்கசிவைக் கண்காணிக்கும் துண்டிப்பானும் இருக்கும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஆம்பியரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். ஹீட்டர் கம்பியின் உறையில் ஊசிமுனை விரிசல் விழுந்திருப்பதைப் பல வீடுகளில் முதலில் சொல்வது அதுதான்.

பலகைக்குப் பின்னே நான் மிகவும் வியக்கும் பாகம் ஒன்று உண்டு: பம்பின் மெக்கானிக்கல் சீல். மோட்டாரின் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 3,450 முறை சுழல்கிறது. அது நீருக்குள் நுழையும் துளையை அடைக்க வேண்டும், ஆனால் சுழற்சியைத் தடுக்கக் கூடாது. தீர்வு இரண்டு வளையங்கள். பீங்கான் வளையம் ஒன்று, கரி வளையம் ஒன்று. ஒன்று நிலையாக நிற்க, மற்றது ஒரு ஸ்பிரிங் அழுத்த அதன்மேல் சுழல்கிறது. இவ்வளையங்களின் முகம் எவ்வளவு சமதளம் என்பதை அளவுகோல் கொண்டு பார்க்க முடியாது. ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் பட்டைகளை எண்ணித்தான் சரிபார்க்கிறார்கள். இரு முகங்களுக்கிடையே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய கனத்தில் ஒரு நீர்ப்படலம் எப்போதும் இருக்கும். அதுவே மசகு. முகம் தேய்ந்தாலோ கீறினாலோ மோட்டாருக்கு அடியில் வெள்ளை உப்புக் கறையோடு ஈரம் தெரியும்.

பழுதுபார்ப்பதில் பாதி ரப்பர் வளையங்களோடுதான். நீரின் அழுத்தம் கூடும்போது ஓ-ரிங் தன் பள்ளத்தில் இன்னும் இறுக்கமாக ஒண்டிக்கொள்ளும். அதற்கு வாஸலின் தடவினால் சில வகை ரப்பர் உப்பிக் கெடும்; சிலிக்கான் கிரீஸ்தான் சரி. உடைந்த பிவிசி குழாய்க்கு, நம் ஊர் பிளம்பர் 'சொல்யூஷன்' என்பாரே, அது பசையே அல்ல. இரு பரப்புகளையும் அது கரைத்து இளக்குகிறது. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டு குழாயும் ஒரே குழாய். ஈரம் இருந்தால் இந்தப் பின்னல் சரியாக நடக்காது. குளிர் இருந்தால் மிகத் தாமதமாகும்.

மொன்றியல் குளிர்காலத்தில் இதுதான் நெருக்கடி. ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரி சாதாரணம். தொட்டி நிறைந்திருந்தால் நீரின் சூடு ஒரு நாள் தாங்கும். காலி செய்துவிட்டால் குழாய் வளைவுகளில் தேங்கிய ஒரு கை நீர் உறைந்து, கன அளவில் ஒன்பது சதவீதம் பெருத்து, ஒரு விரிசலைச் சரிசெய்யப் போன இடத்தில் மூன்று விரிசலைத் தரும். அதனால் விவரமறிந்தவர்கள், மிதமான நாளாகப் பார்த்து, வேக்குவம் கருவியால் ஒவ்வொரு ஜெட்டிலிருந்தும் எஞ்சிய நீரை உறிஞ்சி எடுத்து, தொட்டியைச் சுற்றிய பெட்டிக்குள் பாதுகாப்பான சிறு ஹீட்டர் வைத்து மூட்டு உலரும்வரை காக்கிறார்கள்.

மறுபடி நிரப்பும்போது ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் போடாமல், ஃபில்டர் இருக்கும் குழிக்குள் விடுவது வழக்கம். நீர் கீழிருந்து ஏறி, பம்புக்குள் சிக்கிய காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போகட்டும் என்பதற்காக. காற்று நிற்கும் பம்பை ஓட்டினால் அந்த இரண்டு வளையங்களுக்கிடையே நீர்ப்படலம் இருக்காது. சிறிது நேரத்திலேயே முகங்கள் உரசிச் சூடேறிக் கெட்டு, நேற்று மாற்றிய சீலை இன்று மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.