சிங்க்கில் போகும் மூன்று குடம்

சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து தண்ணீர் வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாம் டம்ளரை நீட்டும் குழாய். மற்றொன்றை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. விரல் தடிமன்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் டியூப், இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் சிங்க்கின் ஓரத்தில் ஒழுகிக்கொண்டிருக்கும். சாதாரண வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்க, இரண்டு மூன்று லிட்டர் இந்த வழியாகப் போகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டில் நாளுக்கு 15 லிட்டர் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், சாக்கடைக்குப் போவது 45 லிட்டர் வரை. அதாவது மூன்று பிளாஸ்டிக் குடம்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு முதல் ரயில் வந்தபோது ஊரே நிமிர்ந்து பார்த்தது. மேலே சொன்ன கணக்கின்படி, சுமார் 55,000 வீடுகளின் ஆர்.ஓ. டியூப்கள் ஒரே நாளில் அந்த ரயில் தண்ணீரைச் சிங்க்கில் விட்டுவிடும்.

அப்படியானால் அந்த டியூபை அடைத்துவிட்டால் என்ன? இந்த யோசனை எல்லோருக்கும் வரும். சிலர் செய்தும் பார்க்கிறார்கள். அது ஏன் நடக்காது என்பதில்தான் இந்த இயந்திரத்தின் அழகு இருக்கிறது.

1748-இல் பிரான்ஸைச் சேர்ந்த நோலே என்ற பாதிரியார், சாராயம் நிறைந்த ஒரு பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். அந்தச் சவ்வு உப்பிக்கொண்டு மேலெழுந்தது. தண்ணீர் சவ்வைக் கடந்து தானாகவே உள்ளே போயிருந்தது. இதுதான் சவ்வூடு பரவல். நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரு சவ்வு பிரித்து நின்றால், நல்ல தண்ணீர் உப்பின் பக்கமே போகும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் உப்புப் பக்கத்திலிருந்து அழுத்த வேண்டும். ஆர்.ஓ., அதாவது 'ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்' என்பது இதைத்தான். கடல்நீருக்கு அந்த எல்லை வளிமண்டல அழுத்தத்தைப்போலச் சுமார் 27 மடங்கு. அதைத் தாண்டினால்தான் சொட்டே விழும். நெம்மேலியிலும் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியிலும் உள்ள கடல்நீர் ஆலைகள் மின்சாரத்தை அவ்வளவு குடிப்பது இதனால்தான். நம் போர்வெல் தண்ணீரின் உப்புக்கு அந்த எல்லை ஒரு மடங்குகூட வராது. அதனால் கையளவு பம்ப் போதும்.

அந்த அழுத்தத்தைத் தாங்கி, வீட்டுக்குப் பயன்படும் வேகத்தில் தண்ணீரையும் விடும் சவ்வு கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோப்பும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1960-ஐ ஒட்டி அதைச் செய்தார்கள். 1965-இல் அதே மாநிலத்தின் கோலிங்கா என்ற சிற்றூரில் இந்த முறையில் குடிநீர் ஓடத் தொடங்கியது. 1950-களில் அந்த ஊருக்கும் குடிநீர் ரயிலில்தான் வந்துகொண்டிருந்தது என்பது நமக்குச் சற்று நெருக்கமான செய்தி.

இன்றைய சவ்வில் உண்மையான வேலையைச் செய்யும் பாலிஅமைடு படலம் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான். அதைச் சல்லடை என்று நினைத்தால் ஒரு புதிர் எழும். சோடியம் அயனி தண்ணீர் மூலக்கூறைவிடச் சிறியது. பிறகு எப்படிச் சிறியது மாட்டிக்கொண்டு பெரியது கடந்து போகிறது? சோடியம் தனியாக வருவதில்லை. அதன் மின்னூட்டம் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தோடு இடுக்கில் நுழைய முடியாது, அதை உதறவும் நிறைய ஆற்றல் வேண்டும். தண்ணீர் அந்தப் படலத்தில் கரைந்து ஊர்ந்து போகிறதா, நுண்துளைகள் வழியே பாய்கிறதா என்று நிபுணர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய வாதம் இது!

டியூபுக்கு வருவோம். வீட்டு இயந்திரத்தின் உருளைக்குள் அந்தச் சவ்வு பாயைப்போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் மட்டும் சவ்வைக் கடக்க, உப்பு இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரை எடுத்துவிட்டால், மீதி ஒரு பங்கில் உப்பு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். அதற்கு முன்பே கால்சியம் கார்பனேட், அதாவது வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, சவ்வின் மேல் படிந்து இறுகிவிடும். அதனால் சவ்வின் மேல் எப்போதும் ஓர் ஓட்டம் இருந்து உப்பை அடித்துக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு ஓட்டம் என்பதை டியூபுக்கு முன்னால் உள்ள சிறிய உருளை ஒன்று தீர்மானிக்கிறது. மெக்கானிக்குகள் அதை 'எஃப்.ஆர்.' என்பார்கள். 450 என்று எழுதியிருந்தால் நிமிடத்துக்கு 450 மில்லிலிட்டர் வெளியே போகும். வழக்கமான 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) சவ்வு நல்ல அழுத்தத்தில் தருவது நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர். டியூபை அடைப்பவர் தண்ணீரைச் சேமிப்பதில்லை, சவ்வைக் கொல்கிறார்.

இப்போது ஒரு சிறு கணக்கு. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீர் நான்கு லிட்டர் உள்ளே போகிறது. மொத்தம் 4,000 மில்லிகிராம். குடிக்கும் ஒரு லிட்டரில் 100 வருகிறது. மீதி 3,900 மற்ற மூன்று லிட்டரில் இருக்கிறது. லிட்டருக்கு 1,300. ஆயிரம், ஆயிரத்து முந்நூறு ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரத்தில் குளிக்கிறோம், துவைக்கிறோம், ஆனால் ஆயிரத்து முந்நூறைக் கண்டதும் கழிவுநீர் என்று முகம் சுளிக்கிறோம். கழிப்பறைக்கும், தரை துடைக்கவும், எச்சில் பாத்திரங்களின் முதல் அலசலுக்கும் இது தாராளமாக ஆகும். டியூபின் கீழே ஒரு வாளி போதும். பின்கட்டில் டிரம் வைத்திருப்பவர்கள் டியூபை நீட்டி அதற்குள் விடலாம். ஒரு மீட்டர் உயரம் ஏற்றினாலும் பம்புக்கு அது பொருட்டே இல்லை. செடிகளுக்கு மட்டும் நான் தயங்குவேன். தொட்டி மண்ணில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும், சில மாதங்களில் இலை நுனி கருகும்.

ஆனால் இதற்கெல்லாம் முந்திய கேள்வி, உங்கள் வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டுமா என்பது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லையென்றால் 2,000 வரை. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதமாவது குடிநீராக வெளிவரச் செய்யவும் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. சில நூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டர் இந்த எண்ணைக் காட்டிவிடும். அது அளப்பது மின்சாரம் கடத்தும் திறனை மட்டுமே. கிருமி இருக்கிறதா, ஆர்சனிக் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குப் பரிசோதனைக்கூடம்தான் போக வேண்டும். உப்பு குறைவாக இருந்து கிருமிதான் கவலை என்றால், கொதிக்கவைப்பதோ யு.வி. விளக்கோ போதும், இரண்டும் ஒரு சொட்டைக்கூட வெளியே தள்ளுவதில்லை.

இயந்திரம் ஏற்கெனவே சுவரில் இருப்பவர்கள் இன்றிரவு ஒன்றைப் பார்க்கலாம். தொட்டி நிறைந்து மோட்டார் நின்றபின் அந்த டியூபும் சற்று நேரத்தில் நின்றுவிட வேண்டும். விடாமல் ஒழுகினால், உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தும் சோலனாய்டு வால்வு பழுதாகியிருக்கும். சின்ன உதிரிபாகம்தான், மாற்ற அதிக நேரம் ஆகாது.