தாமதமும் வராமையும்: உயர்நிலைப் பள்ளி மாணவர் வருகை குறித்த ஒரு மீள்நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மாணவர் நாள்தோறும் பள்ளிக்கு வருதலும் உரிய நேரத்தில் வருதலும் ஒரே ஒழுக்கத்தின் இரு கூறுகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. இவை வெவ்வேறு காரணங்களால் நிகழ்வன என்பதையும், தாமதத்துக்கு விதிக்கப்படும் தண்டனை பல வேளைகளில் வராமையாக முடிகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. 1823ஆம் ஆண்டின் பெல்லாரி அறிக்கை, தமிழகத்தின் உணவு மற்றும் போக்குவரத்துத் திட்டங்கள், பிற இடங்களில் நிகழ்ந்த சில ஆய்வுகள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மாணவர் வருகை, காலந்தவறாமை, வருகைப் பதிவேடு, தண்டனை, சத்துணவு, மிதிவண்டி

முன்னுரை

தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று நடைபெற்ற பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் மொழிப்பாடத் தாளை எழுத 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தனித்தேர்வர் அல்லர். பள்ளிகளின் வழியே பதிவு செய்யப்பட்டவர்கள். பெயர் இருந்தது, தேர்வெண் இருந்தது, மாணவர் இல்லை. தேர்வறையில் ஒரே நாளில் வெளிப்பட்ட இந்நிலை ஒரே நாளில் தோன்றியிருக்க இயலாது. வகுப்பிலிருந்து ஒரு மாணவர் விலகுவது படிப்படியாக நிகழ்வது. முதலில் தாமதம், பின்னர் இடையிடையே விடுப்பு, பின்னர் தொடர் விடுப்பு என அது வளர்கிறது. இந்த வரிசையின் தொடக்கத்தில், அதாவது தாமதமாக வந்த மாணவர் வாயிலில் நிற்கும் அந்தக் கணத்தில், பள்ளி என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

பள்ளிச் சுவர்களில் காலந்தவறாமைக்குச் சான்றாகத் திருக்குறளின் ‘காலம் அறிதல்’ அதிகாரம் எடுத்தாளப்படுவதுண்டு. அவ்வதிகாரம் பொருட்பாலில் அமைந்தது. வினைமேற் செல்லும் அரசன் தக்க காலத்தைத் தேர்தல் பற்றியது. மணியடிக்கும் நேரத்துக்கு வந்து சேர்தல் அதன் பொருளன்று. கடிகாரத்தை அளவாகக் கொண்ட நேர ஒழுங்கு நிறுவனப் பள்ளியோடு வலுப்பெற்ற ஒன்று. ஆயினும் முந்தி வந்தோரைப் போற்றுவதும் பிந்தி வந்தோரை ஒறுப்பதும் அதற்கும் முந்தைய வழக்கம் எனத் தெரிகிறது.

பெல்லாரி அறிக்கை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளின் நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கோரினார். அதற்கு விடையாகப் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்பெல் 1823 ஆகஸ்டு 17 அன்று அனுப்பிய அறிக்கை, தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலின் வழியே பரவலாக அறியப்பட்டது. பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதி. ஆகவே அதனை அப்படியே தமிழகத் திண்ணைப் பள்ளியாகக் கொள்ளலாகாது. எனினும் அவ்வறிக்கை தரும் ஒரு செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது.

காலையில் முதலாவதாகப் பள்ளிக்குள் நுழையும் சிறுவனின் உள்ளங்கையில் சிறப்பின் அடையாளமாகச் ‘சரஸ்வதி’ என எழுதப்படும். இரண்டாவதாக வருபவனின் கையில் சுழியம் எழுதப்படும். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கூடுதல். இக்கணக்கின்படி இருபதாவதாக வரும் சிறுவனுக்கு 18 அடிகள் கிடைக்கும்.

இம்முறையில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன. ஒன்று, இங்கே அளக்கப்படுவது நேரமன்று, வரிசை. அனைவரும் விடியலிலேயே வந்துவிட்டாலும் எவனோ ஒருவன் கடைசியாக இருந்தே ஆகவேண்டும். மற்றொன்று, பிந்திவிட்டோம் என வழியிலேயே உணரும் சிறுவனுக்கு முன்னுள்ள தெரிவு. வந்தால் 18 அடி. வராவிட்டால் அன்றைக்கு ஏதுமில்லை. தாமதத்தின் தண்டனை ஏற ஏற வராமையே ஆதாயமாகிவிடுகிறது. இது கட்டுரையாளரின் ஊகமே. அறிக்கை இவ்வாறு கூறவில்லை.

அறிக்கை கூறுவது வேறொன்று. அம்மாவட்டத்தில் பள்ளிகள் நலிந்து வருவதற்கு நாட்டின் பொதுவான வறுமையையே காம்பெல் காரணமாகக் காட்டினார். நடுத்தர, அடித்தட்டுக் குடும்பங்களால் கல்விச் செலவைத் தாங்க இயலவில்லை. பிள்ளைகளின் சிறு உழைப்பும் வீட்டுக்குத் தேவைப்பட்டது. ஆக, பிரம்பும் வறுமையும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. பிள்ளைகள் பள்ளிக்கு வராமைக்கான காரணத்தை அவர் பிரம்பு எட்டாத இடத்தில்தான் கண்டார்.

வாயிலில் நிறுத்துதலின் கணக்கு

இன்று உடல்சார் தண்டனையையும் மன உளைச்சல் தருதலையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. பிரம்பு போன இடத்தில் வாயிற்கதவு நிற்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்கியதும் கதவை அடைத்தல், முதல் பாடவேளை முடியும்வரை வெளியே நிறுத்துதல், பெற்றோரை அழைத்துவருமாறு திருப்பி அனுப்புதல் ஆகியன பல பள்ளிகளில் இயல்பான நடைமுறைகள். இவற்றை மேற்கொள்ளும் ஆசிரியர் கொடியவர் அல்லர். நாற்பது பேர் அமர்ந்து கேட்கும் பாடத்தை ஒவ்வொருவராக வந்து குலைப்பதன் எரிச்சலை வகுப்பறையில் நின்றவர் அறிவர். ஆனால் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 220 வேலைநாள்களையும் 1,000 கற்பித்தல் மணிகளையும் குறைந்த அளவாக வரையறுக்கிறது. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கரை மணி. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கும் ஒப்பீட்டுக்காக இதனையே கொள்ளலாம். ஆண்டு முழுவதும் ஒருநாள் தவறாமல் 15 நிமிடம் பிந்தி வரும் மாணவர் இழப்பது 55 மணி. ஏறத்தாழ 12 பள்ளி நாள். அதே மாணவர் பத்து நாளுக்கு ஒருமுறை மட்டும் பிந்தி வந்து, ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டால் இழப்பது 22 நாள். எப்போதாவது பிந்துபவரைத் திருத்தும் முறை, எப்போதும் பிந்துபவரின் இழப்பைக் காட்டிலும் பெரிய இழப்பை உண்டாக்குகிறது. 220இல் 22 என்பது 10 விழுக்காடு. இங்கிலாந்தின் கல்வித்துறை தொடர் வராமைக்கு எல்லையாகக் கொள்ளும் அளவும் அதுவே.

அபராதம் விதிக்கும் பள்ளிகளும் உள்ளன. இதுபற்றி 2000ஆம் ஆண்டில் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிசினி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு நினைக்கத்தக்கது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளை மாலையில் அழைத்துச்செல்லப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. கூச்சத்தால் கட்டுப்பட்டிருந்த ஒன்று கட்டணம் செலுத்திப் பெறக்கூடியதாக மாறியதே காரணம் என்பது அவர்களது விளக்கம். அங்கே பிந்தியவர் பெற்றோர், இங்கே மாணவர், வேறுபாடு உண்டு. ஆனால் அபராதத் தொகையை வீட்டில் கேட்கத் துணியாத மாணவர் அன்று பள்ளிக்கே வராமல் போவார் என்பதையும் சேர்த்து எண்ணினால் நிலை இன்னும் கடினமாகிறது.

தொலைவு

வகுப்பு உயர உயரப் பள்ளி தொலைவாகிறது. தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டரையும் உயர்தொடக்க நிலைக்கு மூன்று கிலோமீட்டரையும் அண்மை எல்லையாகக் கொண்டன. இடைநிலைக் கல்வித் திட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர் எனக் கொண்டது. ஐந்தாம் வகுப்புவரை தெருமுனைப் பள்ளிக்கு நடந்து சென்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பேருந்துக்குக் காத்திருக்கிறது. ஆகவே உயர்நிலை மாணவரின் தாமதத்தில் ஒரு பகுதி மாணவருடையதன்று, பேருந்தினுடையது. காலையில் ஓரிரு பேருந்துகளே வந்துபோகும் ஊரில் ஒன்று நிற்காமல் சென்றால் அந்நிறுத்தத்தில் நின்ற மாணவர் அனைவரும் ஒருசேரத் தாமதமாவர். தாமதமானவர் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்கும் பள்ளி இதனை ஒரே வாரத்தில் கண்டுகொள்ளும். பெயர்வாரியாக மட்டும் பார்க்கும் பள்ளிக்கு அவர்கள் ஒழுக்கமற்ற தனிமாணவர்களாகவே தோன்றுவர்.

கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டையும் விலையில்லா மிதிவண்டியும் தமிழகம் இதற்குக் கண்ட தீர்வுகள். மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவுபடுத்தப்பட்டது. மிதிவண்டி இங்கே பதினோராம் வகுப்பில் வழங்கப்படுகிறது. பீகார் 2006இல் தொடங்கிய திட்டமோ ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு உரியது. அத்திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, உரிய வயதில் இடைநிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. இது சேர்க்கை பற்றிய முடிவேயன்றி அன்றாட வருகை பற்றியதன்று. எனினும் ஐந்து கிலோமீட்டர் தொலைவு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கும்போது மிதிவண்டி இரண்டாண்டு பிந்தி வருவது ஏன் என்ற வினா எழாமல் இல்லை. பள்ளிக்குப் பிந்தும் மாணவரைக் கேட்கும் நாம் இதனையும் கேட்கலாம்.

பசி

சென்னை மாநகராட்சி 1920இல், பி. தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவருக்கு நண்பகல் உணவளிக்க முடிவு செய்தது. செலவு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது வரம்பு. காமராசர் காலத்தில் 1956இல் அது மாநிலம் தழுவிய மதிய உணவாகவும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவாகவும் விரிந்தது. 1984 முதல் 15 வயதுவரை உள்ள மாணவரும் அதன் பயனைப் பெற்றனர். வருகையை உயர்த்த ஒழுக்க அறிவுரையைவிட உணவே வலியது என்பதை இந்த வரலாறு நன்கு காட்டுகிறது.

நண்பகல் உணவு மாணவரை வரவழைக்கும். நேரத்துக்கு வரவழைப்பது காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உரியது. ஆறாம் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்குத் தொலைவும் கூடுகிறது. காலை உணவும் நின்றுபோகிறது. பெற்றோர் விடியலில் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இளையவருக்கு உணவூட்டி அனுப்பிவிட்டுப் புறப்படுவது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளை. தங்கையோ தம்பியோ தொடக்கப் பள்ளியில் உண்டால் அக்காவின் காலைநேரம் சிறிது மிஞ்சும். உயர்நிலை மாணவியரின் நேர வருகையில் காலை உணவுத் திட்டத்தின் மறைமுக விளைவு தனியே ஆராயத்தக்கது.

பாராட்டும் தகவலும்

ஆண்டு விழாவில் முழு வருகைச் சான்றிதழ் வழங்குவது நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். கலிபோர்னியாவில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரையுள்ள 15,000க்கும் மேற்பட்ட மாணவரிடையே கேர்லி ராபின்சன் உள்ளிட்டோர் நிகழ்த்திய ஆய்வு, எதிர்பாராமல் வழங்கப்பட்ட அத்தகைய சான்றிதழ் அடுத்துவந்த நாள்களின் வருகையைக் குறைத்ததாகக் கண்டது. பிறரைக் காட்டிலும் மிகுதியாக வந்துவிட்டோம் என்ற எண்ணத்தை அது விதைத்திருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. மேலும், நோயுற்றதால் ஜூலையில் ஒருநாள் விடுப்பெடுத்த மாணவருக்கு எஞ்சிய ஆண்டு முழுவதும் அச்சான்றிதழில் வேலையில்லை.

இதற்கு மாறாகப் பயன்தந்தது எளிய தகவல். டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் ஆகியோர் 2018இல் வெளியிட்ட பிலடெல்பியா ஆய்வில், பிள்ளை இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்ற மொத்தக் கணக்கு பெற்றோருக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டது. தொடர் வராமை 10 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. ‘இன்று வரவில்லை’ என்ற செய்தி வேறு, ‘இதுவரை 17 நாள் வரவில்லை’ என்ற செய்தி வேறு. முன்னதைப் பெற்றோர் அன்றே மறக்கலாம். வருகை இப்போது கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் செயலி வழியே பதியப்படுவதால் மொத்தக் கணக்கைப் பெறுவது கடினமன்று. எழுத்தறியாப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி பயன்படாது. வகுப்பாசிரியரின் தொலைபேசி அழைப்பே பயன்படும்.

பதிவேட்டில் ஒரு குறியீடு

முற்பகல், பிற்பகல் என இருவேளை குறிக்கப்படும் நம் வருகைப் பதிவேடு வந்தவரையும் வராதவரையும் மட்டுமே அறியும். பிந்தி வந்தவரை ஆசிரியர் ஒன்று வந்தவராகக் குறிக்கிறார், அல்லது வராதவராகக் குறிக்கிறார். முன்னதில் தாமதம் மறைகிறது. பின்னதில் வருகை மறைகிறது. இங்கிலாந்துப் பதிவேட்டில் பதிவு முடிவதற்குள் பிந்தி வந்தவருக்கு ‘எல்’ என்றும், முடிந்தபின் வந்தவருக்கு ‘யூ’ என்றும் தனிக்குறிகள் உண்டு. பின்னது வராமையாகவே எண்ணப்படுகிறது. அக்கண்டிப்பு நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் தாமதத்துக்கெனத் தனிக்குறி இருப்பது தேவை.

அக்குறியோடு ஒரு சொல்லில் காரணத்தையும் எழுதலாம்: பேருந்து, வீட்டு வேலை, கூலி வேலை, உடல்நலம், உறக்கம். பதினான்கு வயதைக் கடந்தவரை அபாயமற்ற தொழில்களில் ஈடுபடுத்த 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடமளிப்பதால், கூலி வேலை என்னும் குறி ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தென்படக்கூடும். அது தென்பட்ட வாரமே வீட்டுக்குச் செல்ல வேண்டிய வாரம். பேருந்து என்னும் குறி ஓர் ஊருக்கே மிகுமானால் அப்பட்டியல் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு போக்குவரத்துக் கழகப் பணிமனைக்குச் செல்ல வேண்டும். மாதவிடாய்க் கால விடுப்பை மாணவியர் வாய்விட்டுக் கூறுவது அரிது. உடல்நலம் என்னும் குறி மாதந்தோறும் ஏறத்தாழ அதே இடைவெளியில் வருமானால், பார்க்கப்பட வேண்டியது பள்ளியின் கழிப்பறையும் அங்குள்ள தண்ணீரும். உறக்கம் என்பதைச் சோம்பலாக எண்ணி ஒதுக்காமல், காலைச் சிறப்பு வகுப்புக்கும் மாலைச் சிறப்பு வகுப்புக்கும் இடையே அம்மாணவருக்கு எத்தனை மணிநேரம் எஞ்சுகிறது என்பதைக் கணக்கிட வேண்டும்.

இவை அனைத்தும் நிகழ வேண்டுமெனில், பிந்தி வந்தவர் முதலில் உள்ளே வர வேண்டும். வகுப்பின் கடைசி வரிசையில் வாயிலை ஒட்டிய இருக்கையை அவருக்கென ஒதுக்கலாம். ஓசையின்றி வந்து அமர்ந்து, பாடவேளை முடிந்தபின் காரணத்தைக் கூறுமாறு செய்யலாம். அவ்விருக்கையில் ஒரே மாணவர் ஒரே மாதத்தில் நான்காம் முறை அமரும்போது, வகுப்பாசிரியர் பேச வேண்டியது அவரோடன்று, அவர் வீட்டாரோடு.