தடுப்பூசித் தகவற் பனுவல்களில் வாசிப்பு எளிமையும் தகுதியும்

1. முன்னுரை

தடுப்பூசி குறித்து அரசு வெளியிடும் தகவல் ஏனைய அறிவிப்புகளினின்றும் வேறுபட்டது. அதனைப் படிப்பவர் படித்தபின் ஒரு செயலைச் செய்தாக வேண்டும். குறித்த நாளில் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும். ஊசிக்குப்பின் காய்ச்சல் கண்டால் அஞ்சாது தக்கது செய்ய வேண்டும். பனுவல் விளங்காதபோது இழப்பு படிப்பவரோடு நில்லாது குழந்தையைச் சென்றடைகிறது. இத்தகு தகவல் இன்று பெரிதும் இணையதளங்கள் வழியே கிடைக்கிறது. 2021 மார்ச்சில் பொதுமக்களின் பதிவுக்குத் திறக்கப்பட்ட கோவின் தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே அமைந்திருந்தது. அவ்வாண்டு ஜூனில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அதில் இடம்பெற்றன. ஒரு மொழி இடம்பெறுவது முதற்படி. இடம்பெற்ற மொழி விளங்குகிறதா என்பதை எவ்வாறு அளப்பது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. ஆங்கில அளவைகளும் தமிழும்

ஆங்கிலப் பனுவல்களின் வாசிப்பு எளிமையை அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் ஒரு வாய்பாட்டை வகுத்தார். ஒரு வாக்கியத்திலுள்ள சராசரிச் சொற்களை 1.015ஆலும், ஒரு சொல்லிலுள்ள சராசரி அசைகளை 84.6ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835இலிருந்து கழிக்க வேண்டும். விடை 100ஐ நெருங்கினால் பனுவல் மிக எளிது. 30க்குக் கீழே சென்றால் மிகக் கடினம். 1975இல் அமெரிக்கக் கடற்படையின் தேவைக்காக இது பள்ளி வகுப்பு நிலையைக் காட்டும் வாய்பாடாக மாற்றப்பட்டது. நோயாளிகளுக்கான ஏடுகள் ஆறாம் வகுப்பு நிலையைத் தாண்டலாகாது என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. தடுப்பூசித் தகவல்களை ஆராய்வோர் இத்தகைய வாய்பாடுகளையே பெரிதும் கையாளுகின்றனர்.

இவ்வாய்பாட்டைத் தமிழுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 'குழந்தைக்குத் தடுப்பூசி போடவேண்டும்' என்னும் வாக்கியத்தில் 3 சொற்களும் 12 அசைகளும் உள்ளன. (ஈண்டு அசை என்பது ஒலியியல் அசை, யாப்பின் அசை அன்று.) இதன் விடை -134.6. எழுத்தறியாதவரும் கேட்டவுடன் உணரும் வாக்கியம் 'மிகக் கடினம்' என்னும் எல்லையையும் கடந்து போய்விடுகிறது. 'போட வேண்டும்' எனப் பிரித்தெழுதினால் சொற்கள் 4 ஆகி, விடை -51.0 ஆகிறது. ஓரிடத்தில் விடப்பட்ட இடைவெளி 80க்கும் மேற்பட்ட புள்ளிகளை மாற்றிவிடுகிறது. விகுதிகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டி நிற்கும் மொழியில் சொல்லின் நீளம் கடினத்தைக் காட்டாது. 'போட்டுக்கொள்ளவேண்டும்' என்பது ஆறசை, ஆயினும் எளிது. 'ஒவ்வாமை' மூன்றசையே, ஆயினும் பலருக்கு விளக்கம் வேண்டும்.

3. பொருள் மயங்கும் இடங்கள்

தமிழ்த் தகவற் பனுவலில் இடர் தரும் இடங்கள் பெரும்பாலும் எளிய சொற்களிலேயே அமைகின்றன.

(அ) '-லாம்' ஈறு. இது இசைவையும், நிகழக்கூடுமென்பதையும், பரிந்துரையையும் ஒருங்கே உணர்த்தும். 2021 ஜூலையில் இந்திய அரசு கருவுற்ற பெண்களுக்கும் கோவிட் தடுப்பூசி அளிக்க இசைந்தது. இதனைக் 'கருவுற்ற பெண்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்' என எழுதினால், தடையில்லை என ஒருவரும் போட்டுக்கொள்வது நல்லது என மற்றொருவரும் பொருள்கொள்வர். 'காய்ச்சல் வரலாம்' என்பதிலோ அதே ஈறு நிகழக்கூடுமென்பதை மட்டும் குறிக்கிறது.

(ஆ) மாதக் கணக்கு. தேசிய அட்டவணைப்படி தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்தபின் அளிக்கப்படுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலில் எஞ்சியிருந்தால் தட்டம்மைத் தடுப்பூசியின் பயன் குறையும் என்பது இதற்குக் காரணம். தமிழ் வழக்கில் 'ஒன்பதாம் மாதம்' என்பது நடப்பு மாதத்தைச் சுட்டும். கருவுற்ற காலத்தைக் கணக்கிடுவதும் இவ்வாறே. மார்ச் 10இல் பிறந்த குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் நவம்பர் 10இலேயே தொடங்கிவிடும். ஒன்பது மாதம் நிறைவது டிசம்பர் 10இல். வரிசை எண்ணுப்பெயர் ஒன்றால் ஒரு மாதம் பிறழ்கிறது.

(இ) எல்லைச் சொல். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் 15 வயதுக்குக் குறைந்தோருக்கு உரியது. '15 வயது வரை' என்றால் 15 நிறைந்தவரும் அடங்குவரோ என்னும் ஐயம் எழும்.

(ஈ) பெயரின் உட்பொருள். ரோட்டா வைரஸ் நோய்க்கான மருந்து வாய்வழியே தரப்படுவது. அதனைத் 'தடுப்பூசி' என்றால் ஊசியை எதிர்பார்த்து வரும் தாய் மயங்குவார். 'சொட்டு மருந்து' என்னும் வழக்குச்சொல் இளம்பிள்ளைவாதத் தடுப்பால் வேரூன்றியிருப்பதால், சொட்டாகத் தரும் வகைக்கு அதுவே பொருந்தும்.

(உ) அளவைக் குறிக்கும் அடைகள். மருந்தியலில் 'அரிது' என்பது பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவர் வரை என வரையறுக்கப்பட்ட சொல். பொதுவழக்கில் அதற்கு எண் எல்லை இல்லை. எனவே எண்ணையும் உடன் எழுதுதல் வேண்டும்.

4. எளிமையும் தகுதியும்

எளிமை வேறு, தகுதி வேறு. 1999இல் இங்கிலாந்தில் உருவான டிஸ்கர்ன் என்னும் 16 வினாக்கள் கொண்ட கருவி, சிகிச்சைத் தகவலின் நோக்கம், ஆதாரம், நடுநிலை ஆகியவற்றை மதிப்பிடுகிறது. இந்திய நோய்த்தடுப்புப் பணியில் ஊழியர் பெற்றோருக்குக் கூறவேண்டிய நான்கு செய்திகள் வகுக்கப்பட்டுள்ளன: இன்று அளித்த மருந்து யாது, அது எந்நோயைத் தடுக்கும், அடுத்து எப்போது, எங்கே வரவேண்டும், எவ்வகைச் சிறு விளைவுகள் தோன்றும், அவற்றுக்கு என்ன செய்வது, அட்டையைப் பேணி மறுமுறை கொண்டுவருதல். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் எத்துணை எளிய நடையும் தகுதியுடையதாகாது. தமிழ்ப் பனுவலை மதிப்பிட இவை நல்ல தொடக்கமாகும்.

5. முடிவுரை

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மீள்மொழிபெயர்ப்பு முறை பெரிதும் கையாளப்படுகிறது. மேற்காட்டிய பிழைகள் அதில் அகப்படுவதில்லை. '-லாம்' ஈறு ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அங்கும் இருபொருள் தரும் சொல்லாகவே அமைந்து பிழையை மறைத்துவிடும். ஆதலின் படிப்பவரை வினவுவதே ஏற்ற சோதனை. பனுவலைத் தாய் ஒருவரிடம் தந்து, 'மார்ச் 10இல் பிறந்த குழந்தையை முதல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எந்நாளுக்குப்பின் அழைத்து வருவீர்கள்?' என்று கேட்கலாம். விடை டிசம்பர் 10 என வராதபோது திருத்தப்படவேண்டியது பனுவலே ஆகும்.